வீடற்ற வாழ்வு, திரையிலும் வெட்டவெளியிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் பிழைப்பதையே வீடியோ கேமாகச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், ஒன்றுக்கு மேல். அதிகம் பேசப்படுவது 'ஹோபோ: டஃப் லைஃப்'. செக் குடியரசின் பெருன் கிரியேட்டிவ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2017இல் அரைகுறையாக விற்பனைக்கு வந்து, 2021இல் முழு வடிவம் பெற்றது. கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்த பிறகான கிழக்கு ஐரோப்பாவில் பிராஸ்லாவ் என்றொரு கற்பனை நகரம். அங்கே கையில் காசில்லாமல் குப்பைத் தொட்டிகளைக் கிளறி, பிச்சை கேட்டு, குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். நண்பர்களோடு சேர்ந்தும் ஆடலாம்.

பிரிட்டனின் டெல்வ் இன்டராக்டிவ் செய்த 'சேஞ்ச்' இன்னொன்று. அதில் நோக்கம் உயிர் பிழைப்பது மட்டுமல்ல; தெருவிலிருந்து மீண்டு ஒரு வீட்டுக்குள் போவது.

மூன்றாவது இவற்றிலிருந்து மாறுபட்டது. 2011இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், அர்பன் மினிஸ்ட்ரீஸ் ஆஃப் டர்ஹம் என்ற தொண்டு அமைப்புக்காக மெக்கின்னி என்ற விளம்பர நிறுவனம் செய்த 'ஸ்பென்ட்'. வேலையும் வீடும் போய்விட்டன. மிச்சமிருப்பது 1,000 டாலர். ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும். ஓடவோ ஒளியவோ எதையும் சேகரிக்கவோ வேண்டியதில்லை. திரையில் கேள்வி வரும், முடிவெடுக்க வேண்டும். வேலை இடத்துக்கு அருகில் வீடு பார்த்தால் வாடகை அதிகம். தள்ளிப் பார்த்தால் போக்குவரத்துச் செலவு. இந்த மூன்றில் எனக்கு நெஞ்சில் தைத்தது இந்தப் படங்காட்டாத விளையாட்டுதான்.

இதையெல்லாம் ஆடுவதில் என்ன சுவாரஸ்யம்?

காட்டில் தனியாகப் பிழைக்கும் விளையாட்டுகளில் என்ன சுவாரஸ்யமோ அதேதான். பசி, குளிர், ஈரம், உடல் நாற்றம், மனச்சோர்வு என ஒவ்வொன்றுக்கும் திரை ஓரத்தில் ஓர் அளவுப்பட்டை. ஒன்றை உயர்த்தப் போனால் இன்னொன்று இறங்கும். மழையில் நனைந்தபடி உணவு தேடினால் வயிறு நிறையும், காய்ச்சல் வரும். குடித்தால் குளிர் தெரியாது, மற்றதெல்லாம் கெடும். இந்த இழுபறிதான் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறது.

மரம் வெட்டும் காட்டு விளையாட்டுகளில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: சுற்றிலும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நம்மைப் பார்த்து விலகிப் போகிறார்கள். இரவில் ஓநாய் துரத்தியபோதுகூட எனக்கு அப்படி உறைத்ததில்லை.

இவை உண்மைக்கு எவ்வளவு நெருக்கமானவை?

சில இடங்களில் நன்றாகவே நெருங்குகின்றன. குளிரைவிட ஈரமே முதல் எதிரி என்பது சரி. நனைந்த காலுறையோடு நாள்கணக்கில் நடந்தால் பாதம் வெளுத்து, மரத்து, தோல் உரிந்து புண்ணாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களைப் படுத்திய அதே நோய் இன்றும் தெருவில் வாழ்பவர்களுக்கு வருகிறது. உடல் நாற்றம் வேலை, கடை, நூலகம் என எல்லாக் கதவுகளையும் சாத்திவிடும் என்பதும் சரி.

தவறும் இடங்களில் முதலாவது காத்திருப்பு. வீடற்றவரின் பகலில் பெரும்பகுதி வரிசையில் போகிறது. உணவுக்கு ஒரு வரிசை, குளிக்க ஒரு வரிசை, இரவுக் காப்பகத்தில் படுக்கைக்கு ஒரு வரிசை, அரசு அலுவலகத்தில் இன்னொன்று. காப்பகத்தில் இடம் பிடிக்க மாலையிலேயே வாசலில் நிற்க வேண்டுமென்றால் மாலை நேர வேலைக்குப் போக முடியாது. எந்த விளையாட்டு நிறுவனமும் ஆடுபவரை நான்கு மணி நேரம் சும்மா நிற்க வைக்காது. வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

இரண்டாவது தூக்கம். விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் விடிந்துவிடுகிறது. தெருவில் படுப்பவர் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டு, காலணியைத் தலைக்கு வைத்துக்கொண்டு, யாராவது தட்டி எழுப்பும் வரை கண்ணயர்கிறார். அரைத் தூக்கம் வாரக்கணக்கில் சேரும்போது நினைவும் கோபக் கட்டுப்பாடும் முதலில் போகின்றன. பிறகு அவரைப் பார்ப்பவர்கள், இவர் இப்படி இருப்பதால்தான் தெருவுக்கு வந்தார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது காகிதம். அடையாள அட்டை தொலைந்தால் புதிது வாங்க முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு வேலை, வேலைக்கு அடையாள அட்டை. கூடாரங்களை அப்புறப்படுத்தும் நாளில் குப்பை லாரியில் போவது பழைய போர்வை மட்டுமல்ல, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்த பிறப்புச் சான்றிதழும் மருந்துச் சீட்டும்தான். விளையாட்டில் உணவுப் பொட்டலம் திருடு போகும், இது போகாது.

நான்காவதாக, வீடற்றவர் எல்லோரும் தெருவில் இல்லை. உறவினர் வீட்டுக் கூடத்திலும் காரின் பின் இருக்கையிலும் காப்பகத்திலும் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க அரசு 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் 7,71,480 பேர் வந்தார்கள், முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் கூடுதல். உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தவர்கள் இதில் சேரவில்லை.

ஆடிப் பார்த்தால் வீடற்றவர்கள் மீது பரிவு கூடுமா?

எப்படிப்பட்ட விளையாட்டு என்பதைப் பொறுத்தது. இதில் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசையைக் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது.

'ஸ்பென்ட்' ஆடியவர்களை யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஆடியவர்களுக்கு ஏழைகள் மீதான எண்ணம் மேம்படவில்லை. சிலருக்கு, அதுவும் முன்பே பரிவோடு இருந்தவர்களுக்கு, சற்றுக் குறையவும் செய்தது. வேறொருவர் ஆடுவதை வெறுமனே பார்த்தவர்களுக்கோ மேம்பட்டது. ஆடும்போது முடிவெல்லாம் என் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. நான் யோசித்து ஆடி மாதத்தை ஓட்டிவிட்டேன், அவர்களுக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் மெய்நிகர் கண்ணாடி அணிந்து அனுபவிக்கும் ஒரு படைப்பைச் செய்தது. வேலை போகிறது; வாடகைக்காக வீட்டுப் பொருள்களில் எதை விற்பது என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம்; போதவில்லை; வெளியேற்றப்பட்டு காரில் படுக்கிறோம்; அதுவும் போய் கடைசியில் இரவு பஸ். ஒருபக்கம் பையைக் காக்க வேண்டும், மறுபக்கம் ஒருவன் நெருங்கி வருகிறான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அனுபவித்தவர்களில் 82 சதவீதத்தினர் மலிவு விலை வீடுகளுக்கான மனுவில் கையெழுத்திட்டார்கள். அதே கதையை எழுத்தில் படித்தவர்களில் 67 சதவீதத்தினர். 2018இல் வெளியான முடிவு இது.

வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டாவதில் என்ன செய்தாலும் தோற்பீர்கள். முதலாவதில் ஜெயிக்க வழி இருக்கிறது. ஜெயிக்கக்கூடிய வறுமை பரிவைத் தருவதில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

வறுமையைப் பொழுதுபோக்காக்குவது தப்பில்லையா?

செய்யும் விதத்தில் இருக்கிறது. 2007இல் ஜெர்மனியில் தொடங்கி 'பென்னர்கேம்' என்ற பெயரில் வீடற்றவராக ஆடும் உலாவி விளையாட்டு லட்சக்கணக்கானவர்களை ஈர்த்தது. பாட்டில் பொறுக்கிக் காசு சேர்த்துக் கோடீஸ்வரன் ஆவது அதன் போக்கு. பிரெஞ்சு வடிவம் வந்தபோது அங்கே எதிர்ப்பு எழுந்தது. எழுந்தது நியாயம் என்பதே என் எண்ணம்.

ஆனால் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது நகரம் கட்டும் 'சிம்சிட்டி'. 2013இல் வந்த பதிப்பில் பூங்காக்களிலும் தெரு ஓரங்களிலும் வீடற்றவர்கள் தோன்றினார்கள். அவர்களை எப்படி ஒழிப்பது என்று ஆடுபவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட உரையாடல்களை மாத்தியோ பித்தாந்தி என்ற ஆய்வாளர் அப்படியே திரட்டி, தடித்த நூலாகவே போட்டார். பூங்காவை இடித்துவிடு, பஸ்ஸை நிறுத்திவிடு என்று ஆளாளுக்கு யோசனை. எல்லாம் நல்ல பிள்ளைகள். கோடு தாண்டி நிற்கும் ஒரு புள்ளியைச் சரிசெய்வதாகத்தான் நினைத்தார்கள். நிஜ நகராட்சிகளிலும் இதே யோசனைகள் இதே தொனியில் வருவதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள்.

ஸ்லாப் சிட்டி, ஸ்லாப் சிட்டி என்கிறார்களே, அது என்ன?

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், சால்டன் ஸீ என்ற உப்பேரிக்குக் கிழக்கே, நைலாண்ட் என்ற சிற்றூரிலிருந்து சில மைல் தள்ளி, பாலைவனத்தில் இருக்கும் ஆக்கிரமிப்புக் குடியிருப்பு. 1942இல் அங்கே அமெரிக்க மரைன் படையினருக்காக கேம்ப் டன்லப் என்ற பயிற்சி முகாம் அமைந்தது. போர் முடிந்து, 1956க்குள் கட்டடங்களைப் பிரித்து எடுத்துப் போனார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்லாப்' எனப்படும் கான்கிரீட் தளங்கள் மட்டும் மிஞ்சின. வெற்றுத் தளத்தின்மேல் வண்டியை நிறுத்தினால் தரை கிடைத்துவிடுகிறது. ஆட்கள் வந்தார்கள், தளமே ஊருக்குப் பெயராகிவிட்டது.

சுமார் 640 ஏக்கர். நிலம் மாநில அரசுடையது. வாடகை கிடையாது, வரி கிடையாது, மின்கம்பம் கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, குப்பை வண்டி வராது. குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டு வண்டிகளில் வந்திறங்க, மக்கள்தொகை ஆயிரங்களைத் தொடும். கோடையில் வெயில் 48, 49 டிகிரி செல்சியஸுக்குப் போகும். அப்போது தங்குபவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். அந்த நூற்றுச் சொச்சம் பேர்தான் ஊர். மற்றவர்கள் விருந்தாளிகள்.

நுழைவிடத்தில் சால்வேஷன் மவுண்டன். லெனர்ட் நைட் என்ற மனிதர் 1984இல் தொடங்கி களிமண், வைக்கோல், பிறர் தந்த பெயிண்ட் டப்பாக்கள் ஆகியவற்றால் எழுப்பிய வண்ணக் குன்று. முதலில் சிமெண்டும் மணலும் கலந்து கட்டியது 1989இல் சரிந்தது. மனிதர் சோர்ந்து போகாமல், களிமண்ணுக்கு மாறி மறுபடி தொடங்கினார். 2014இல் மறைந்தார். குன்று இருக்கிறது. உள்ளே தள்ளி, தூக்கியெறிந்த பொருள்களைக் கொண்டே உருவான ஈஸ்ட் ஜீசஸ் என்ற கலைத் தோட்டம், ஒரு நூலகம், சனிக்கிழமை இரவுகளில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடக்கூடிய திறந்தவெளி மேடை எல்லாம் உண்டு. படம் பிடிப்பவர்கள் இவற்றோடு திரும்பிவிடுகிறார்கள். பின்னாலுள்ள கூடாரங்களில் போதைப் பழக்கமும் திருட்டும் தீவைப்பும் இருக்கின்றன என்பது படத்தில் வராது.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன செய்வார்கள்?

இங்கேதான் விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது. ஆகவே கணக்கோடு சொல்கிறேன்.

பேரிடர் முகாம்களுக்கான ஸ்ஃபியர் வரையறைப்படி, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். நான்கு பேருக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. வாரத்துக்கு 420 கிலோ. 20 லிட்டர் கேனில் சுமந்தால் 21 கேன்கள். விளையாட்டில் தண்ணீர்ப் பாட்டில் பையில் ஒரு கட்டத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். பாலைவனக் குடியிருப்பில் வண்டி இல்லாதவர், வண்டி இருப்பவரின் தயவில் வாழ்கிறார். பெட்ரோலுக்குப் பங்கு கொடுப்பார், அல்லது சோலார் ஒயரைச் சரிசெய்து தருவார், அல்லது ஊருக்குப் போனவரின் நாயைப் பார்த்துக்கொள்வார். அந்தக் கொடுக்கல் வாங்கலில் நம்பகமற்றவர் என்று பெயர் எடுத்தால் தண்ணீர் நின்றுவிடும்.

மின்சாரம் பெரும்பாலும் சோலார். 100 வாட் தகடு ஒன்று, ஐந்து மணி நேர நல்ல வெயிலில், காகிதக் கணக்கில் 500 வாட்-மணி தரும். தூசி, தகட்டின் சூடு, ஒயர் இழப்பு எல்லாம் போக 400 கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் நான்கு எல்.இ.டி. விளக்கு, இரண்டு கைப்பேசி, இரவு முழுக்க ஒரு சிறு மின்விசிறி ஓட்டலாம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் சேர்த்தால் கணக்கு உடையும். ஏ.சி. என்றால் அரை மணி நேரத்தில் ஒரு நாள் சேமிப்பு காலி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 1,200 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு வரும்; ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆகவே கையில் இருப்பது 600தான். வெயில் காலத்தில் ஈரத் திரை வைத்த ஏர்கூலர் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். அதற்கும் தண்ணீர் வேண்டும். முந்தைய பத்தியைப் பார்க்கவும்.

கழிப்பறை?

யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. குடியிருப்பு நிலைக்குமா கலையுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான். வாளியில் மரத்தூள் தூவி மட்கவைக்கும் முறை மலிவானது. சிறுநீரைத் தனியே பிரித்துவிட்டால் நாற்றம் பாதி குறையும். குழி வெட்டினால் தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும். தனியாள் இதைச் சரியாகச் செய்து பயனில்லை. பக்கத்துக் கூடாரக்காரர் செய்யாவிட்டால் ஈ உங்கள் தட்டுக்கும் வரும்.

சட்டம், போலீஸ் எதுவும் இல்லாத இடமா இது? சண்டை வந்தால் யார் தீர்ப்பது?

சட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஸ்லாப் சிட்டிக்கும் மாவட்டப் போலீஸ் வரும். இல்லாதது அன்றாடப் பஞ்சாயத்து. அதை ஒவ்வொரு இடமும் தன் பாணியில் செய்துகொள்கிறது, அல்லது செய்துகொள்ளாமல் சீரழிகிறது.

கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியாவைப் பாருங்கள். 1971 செப்டம்பரில் கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்புக்குள் ஆட்கள் வேலியை உடைத்துக்கொண்டு போனார்கள். சுமார் 34 ஹெக்டேர். இன்று ஆயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து கேட்க இனிமையாக இருக்கும். உள்ளே அது களைப்பூட்டும் வேலை. அப்படியும் பெரிய முடிவுகள் வந்திருக்கின்றன. 1979இல் ஹெராயின் போன்ற கடும் போதைப்பொருள்களைத் தாங்களே வெளியேற்றினார்கள். கஞ்சா விற்பனை மட்டும் ஒரு தெருவில் பல ஆண்டுகள் நீடித்தது. வெளியிலிருந்து வந்த கும்பல்கள் அதைக் கைப்பற்றிச் சுட்டுக்கொள்ளத் தொடங்கியபின், 2024 ஏப்ரலில் குடியிருப்பவர்களே அந்தத் தெருவின் கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள்.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் டிக்னிட்டி வில்லேஜ் என்ற சிறு குடியிருப்பு வேறு வழியில் போனது. 2000 டிசம்பரில் பாலத்தடியில் கூடாரம் போட்டவர்கள் இடம் இடமாக விரட்டப்பட்டு, 2001இல் விமான நிலையம் அருகே நகராட்சி ஒதுக்கிய இடத்தில் நிலைத்தார்கள். ஏறக்குறைய அறுபது பேர். வன்முறை கூடாது, திருட்டு கூடாது, குடியும் போதையும் கூடாது, தொந்தரவு கூடாது, ஊர் வேலையில் பங்கெடுக்க வேண்டும். ஐந்தே விதிகள். தெருவில் தனியாக இருந்தபோது கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: சாமானைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

இந்த இடங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான். பிழைப்பு விளையாட்டுகள் பையில் என்ன இருக்கிறது என்று எண்ணுகின்றன. நிஜக் குடியிருப்பு அக்கம்பக்கத்தாரோடு உள்ள உடன்பாட்டிலும் நில உரிமையாளரின் பொறுமையிலும் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் திரை ஓரத்தில் எந்தப் பட்டையும் இல்லை.

நகரத்துக்குள்ளேயே இப்படி நடந்ததுண்டா?

நிறைய. மறக்க முடியாதது வெனிசுவேலாவின் காரகாஸில் இருந்த டோரே தாவித். 1990இல் 45 மாடி வங்கிக் கோபுரமாகக் கட்டத் தொடங்கினார்கள். கட்டியவர் 1993இல் இறந்தார், மறு ஆண்டே வங்கிகள் கவிழ்ந்தன, வேலை நின்றது. 2007இல் குடும்பங்கள் உள்ளே புகுந்தன. உச்சத்தில் மூவாயிரம் பேர் அளவில், 28ஆம் மாடி வரை குடியிருந்தார்கள். லிஃப்ட் பொருத்தப்படவே இல்லை. பக்கத்திலுள்ள வாகன நிறுத்தக் கட்டடத்தின் சாய்தளத்தில் பத்தாவது மாடி வரை மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓடியது. அதற்குமேல் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ தோளில்தான். நடு மாடிகளில் மளிகைக் கடை, முடிதிருத்தகம், உரிமமில்லாத பல் மருத்துவர்கூட. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வாங்கித் தண்ணீரை மேலேற்றினார்கள், மாடிக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். கைப்பிடிச் சுவரில்லாத விளிம்புகளிலிருந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. 2014 ஜூலையில் அரசு அவர்களை ஊருக்கு வெளியே கட்டிய வீடுகளுக்கு மாற்றத் தொடங்கியது.

கிளர்ச்சியூட்டும் கதையாக இதை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியல்ல. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இதேபோல் குடும்பங்கள் வாழ்ந்த 24 மாடிக் கட்டடம் 2018 மே 1ஆம் தேதி அதிகாலையில் தீப்பிடித்து, முழுதாகச் சரிந்து விழுந்தது.

பல ஆண்டுகள் குடியிருந்தால் இடம் சொந்தமாகிவிடுமா?

சில நாடுகளில், தனியார் நிலத்தில், கடுமையான நிபந்தனைகளோடு. கலிஃபோர்னியாவில் ஐந்தாண்டுகள் வெளிப்படையாக அனுபவிப்பதோடு அந்த நிலத்துக்கான சொத்து வரியையும் கட்டியிருக்க வேண்டும். அரசு நிலத்துக்கு இது பொருந்தாது. ஆகவே ஸ்லாப் சிட்டியில் முப்பது ஆண்டுகள் இருந்தவருக்கும் ஓரடி சொந்தமில்லை. பிரேசிலின் 1988 அரசியலமைப்பு, நகர்ப்புறத்தில் 250 சதுர மீட்டர் வரையிலான இடத்தில் ஐந்தாண்டுகள் இடையூறின்றி வாழ்ந்த, வேறு சொத்து இல்லாதவருக்கு உரிமை தருகிறது. அங்கும் பொதுச் சொத்து விலக்கு.

ஐரோப்பாவில் கதவுகள் சாத்திக்கொண்டே வருகின்றன. நெதர்லாந்தில் ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடந்த கட்டடத்துக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டுவிட்டால் குடியிருப்பாகக் கருதப்பட்ட காலம் இருந்தது. 2010 அக்டோபரில் அது குற்றமாயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்புக் கட்டடங்களுக்குள் புகுவது 2012 செப்டம்பர் முதல் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. அமெரிக்காவில் 2024 ஜூனில், வேறு தங்குமிடம் இல்லாதவர்களையும் பொது இடத்தில் படுத்ததற்காகத் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

நிலைத்தவர்கள் பெரும்பாலும் சட்ட ஓட்டையால் நிலைக்கவில்லை, பேரம் பேசி நிலைத்தார்கள். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் ஆக்கிரமித்துப் பழுதுபார்த்த 11 கட்டடங்களை 2002இல் நகராட்சி தலா ஒரு டாலருக்கு விட்டுக்கொடுத்தது, சீரமைத்துக் கூட்டுறவாக மாற்றும் நிபந்தனையோடு. கிறிஸ்டியானியா மக்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2012 முதல் அரசிடமிருந்து நிலத்தை வாங்கினார்கள். ஈஸ்ட் ஜீசஸ் இருக்கும் துண்டையும் ஒரு தொண்டு அமைப்பு விலைக்கு வாங்கிவிட்டது.

வேன் வாழ்க்கை வாழ்பவர்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. சொந்த நிலம் வாங்கி மின் இணைப்பில்லாமல் வாழ்பவருக்குப் பட்டா இருக்கிறது. அவர் கவலை கட்டட விதிகள். வேன்காரருக்குச் சக்கரம் இருக்கிறது; அமெரிக்கப் பொது நிலங்கள் பலவற்றில் ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆக்கிரமிப்புக் குடியிருப்பில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை.

விளையாட்டில் கற்றது நிஜத்தில் உதவுமா?

கொஞ்சம். உலர்ந்த காலுறை, காற்று மறைவு, கீழே அட்டைப்பெட்டி விரித்துப் படுப்பது, இவையெல்லாம் உண்மை. ஒன்று மட்டும் ஆபத்து. பல விளையாட்டுகளில் கூடாரத்துக்குள் தீ மூட்டினால் குளிர்ப் பட்டை ஏறும். நிஜத்தில் மூடிய கூடாரத்திலோ வண்டியிலோ கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் எரியவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூங்குபவர் எழுவதில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்லாப் சிட்டி போன்ற இடத்துக்குப் போய்விடலாமா என்று தோன்றுகிறது.

குளிர்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஜூலையில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களின் பேச்சைக் கேளுங்கள். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், குழந்தைகளோடு இருப்பவர்கள், வண்டி இல்லாதவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம் என்பேன். வாடகை இல்லை என்பது செலவில்லை என்றாகாது. பெட்ரோல், தண்ணீர், பேட்டரி, வண்டி பழுது எல்லாம் பணம்தான், வருமானமோ அருகில் கிடையாது. வேறு போக்கிடமில்லாமல் அங்கே வந்தவர்கள் பலர். விருப்பத்தால் வந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்பது அந்தப் போக்கிடமற்றவர்களுக்கும் தெரியும்.

சுற்றிப் பார்க்க மட்டும் போனால்?

நவம்பர் முதல் மார்ச் வரை. குடிநீரும் நிறைந்த பெட்ரோல் டாங்கும் இல்லாமல் நைலாண்டைத் தாண்டாதீர்கள். சால்வேஷன் மவுண்டனுக்குக் கட்டணம் இல்லை. உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். வண்ணம் தீட்டிய பாதையை விட்டு விலகி ஏறினால் களிமண் பெயரும். பெயர்ப்பலகை வைத்த பொது இடங்களில் தாராளமாக நடமாடலாம். கயிறு கட்டியோ டயர் அடுக்கியோ எல்லை வைத்திருந்தால் அது ஒருவரின் வீடு. ஆட்களைப் படம் பிடிக்கும் முன் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் குப்பையை நீங்களே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.